கூட்ட மறுத்த குறி

"என் ப்ரோகிராம் ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட விழுந்ததில்லை அண்ணி, ஒரே ஒரு தடவை—"

"விழலைன்னா சரியா இருக்குன்னு யார்—"

"நான் இன்னும் முடிக்கலை—"

"நீங்க முடிக்கிறதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடும். நானும் கூடவே பேசிடறேன்."

"பேசுங்க! இதோ, உங்க கூட்டல் குறி நடுரோட்டுல படுத்துக்கிட்டு நகர மாட்டேங்குது. அதுக்கும் சேர்த்துப் பேசுங்க!"

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், மூன்று மேசை போட்ட அறை. இரண்டு ஜன்னலில் ஒன்று திறக்காது, இன்னொன்று மூடாது. அதுதான் அவனுடைய கம்பெனி. கம்பெனி என்றால் அவன், அவனுடைய அண்ணன் மனைவி, சோதித்துப் பார்க்கிறவர் ஒருவர். ஆக மூன்று பேர். சோதித்துப் பார்க்கிறவரை முகத்துக்கு நேராகவே 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதிப் படி இறங்கியவர் மறுபடி ஏறி வந்து நான்காவது முறையும் இழுப்பார். அவருக்கும் அந்தப் பெயரில் வருத்தமில்லை. 'பொருத்தமாத்தான் வச்சிருக்காங்களா?' என்று அதையும் சந்தேகப்படுவார்.

அவர்கள் செய்து கொடுத்திருப்பது ஒரே ஒரு சாமான். குழந்தைகள் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸுகள் பார்க்கிற ஒரு திரை. எந்தக் கட்டில் பிள்ளைக்கு இன்றைக்கு வலி மருந்து எவ்வளவு போயிருக்கிறது, இன்னும் எவ்வளவு தரலாம் என்று அது சொல்லும். வரம்புக்குள் இருந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு, கூடவே ஒரு கத்தல். அந்த மருந்து கொஞ்சம் கூடினால் பிள்ளை தூங்கும். இன்னும் கூடினால் எழுப்ப முடியாது. அதனால்தான் திரை.

முதலில் எழுதியவன் அவன்தான். இப்போது புது வடிவத்தை அண்ணி ஆறு வாரமாக எழுதியிருந்தாள். மாலை ஐந்து மணிக்கு அதை அனுப்பியாக வேண்டும். மணி மூன்றேகால். கடைசியாக மாற்றிய மொத்தக் கணக்கை அன்றைக்கு மதியம்தான் சந்தேகம் முதல்முறையாக ஓட்டிப் பார்த்தார். முதல் பிள்ளையின் பதிவிலேயே அது நின்றுவிட்டது. திரையில் ஒரே வரி: எம்ஜியோடு எம்எல்லைக் கூட்ட முடியாது.

"பழசு இதே பதிவுக்கு டக்குனு பதில் சொல்லுச்சு" என்றான் அவன். "உங்களோடது வாசல்லயே நிக்குது."

"உங்க கணக்கை ஒரு எழுத்து மாத்தாமதான் எழுதினேன் தம்பி. நல்லாப் பாருங்க."

பார்த்தான். பழையதில் கணக்கு பெட்டிக்குள் பெட்டியாக இருந்தது. கழி(வரம்பு, கூட்டு(ஊசி, சிரப்)). எழுதினவனே ஆறு மாதம் கழித்து வந்தால் விரலை வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். இது சின்னது. மற்றதெல்லாம் ஏழெட்டு அடைப்புக்குறி நீளும். அண்ணி அதைக் காகிதத்தில் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தாள்: மீதி = வரம்பு - (ஊசி + சிரப்).

அப்படிச் சும்மா எழுதிவிட முடியாது. கூட்டல் குறிக்கு வெறும் எண்ணைக் கூட்டத் தெரியும், மருந்தைக் கூட்டத் தெரியாது. அண்ணி 'அளவு' என்று ஒரு க்ளாஸ், அதாவது மருந்துக்கென்றே ஒரு புது எண் வகை, செய்தாள். அதற்குள் எண்ணையும் வைத்தாள், அந்த எண் எம்ஜியா எம்எல்லா என்பதையும் கூடவே வைத்தாள். இப்படிப்பட்ட இரண்டு அளவுகள் எதிரெதிரே வந்து நின்றால் கூட்டல் என்ன செய்ய வேண்டும், கழித்தல் என்ன செய்ய வேண்டும், எது பெரிது என்று எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தந்தக் குறிக்கே சொல்லிவைத்தாள். ஆபரேட்டர் ஓவர்லோடிங் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே அவனுக்கு உடம்பெல்லாம் எரியும்.

எரிவதற்கு ஒரு காரணமும் இருந்தது. அண்ணிக்கு முன்னால் அதே மேசையில் ஒரு கெட்டிக்காரன் இருந்தான். ஒரே பிள்ளைக்குத் தவறிப்போய் இரண்டு பதிவு விழுந்திருந்தால் சேர்க்க வசதியாக இருக்கும் என்று, நோயாளி + நோயாளி என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிற மாதிரி கூட்டல் குறிக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போனான். ஒருநாள் வார்டுக்கு இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரே பிறந்த நாள், ஒரே அப்பா, ஒரே முகவரி. தலைமை நர்ஸ் போனில் கேட்டாள்: "சார், உங்க கம்ப்யூட்டர் கணக்குப்படி ஒரே பிள்ளை ரெண்டு கட்டில்ல படுத்திருக்கு. நான் எந்தக் கட்டில்ல பால் புட்டி வைக்க?" அன்றைக்குப் போன மானம் அவனுக்கு இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

"அந்த இரட்டைப் பிள்ளைங்களை மறந்துட்டீங்களா?" என்றான் இப்போதும்.

"நாலு மாசமா தினம் ஒரு வேளை சொல்றீங்க, எப்படி மறக்கும்? ஆளுக்கும் ஆளுக்கும் கூட்டல் உண்டா? இல்லாத உறவை அந்த ஆள் உண்டாக்கினான், அது சந்தி சிரிச்சுது. மருந்துக்கும் மருந்துக்கும் கூட்டல் உண்டு. நர்ஸுங்க தினம் பேனாவால கூட்டறாங்க. உள்ளதைத்தான் நான் குடுத்தேன்."

"குறின்னா குறியா இருக்கணும் அண்ணி. அதுக்கு வாய் எப்ப வந்தது?"

"நான் வச்சேன்."

"வச்சீங்க. இப்ப அது எதிர்த்துப் பேசுது."

"உங்க 'கூட்டு' ரெண்டு நம்பரை வாங்கிக்கிட்டு ஆமாஞ்சாமி போடும். யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சரிங்கும். என் குறி, 'நீ யாரு, நீ எங்கேர்ந்து வர்றே'ன்னு ரெண்டு பேரையும் விசாரிக்குது. ஊசி எம்ஜியில வருது. சிரப் எம்எல்லுல வருது. கூட்ட மாட்டேங்குது. இதுல எங்க தப்பு?"

சந்தேகம் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு சின்ன சந்தேகம்…"

"உங்களுக்கு எப்ப இல்ல?"

"இல்ல சார், மேடம் சொல்றதுலயும்…"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். "அண்ணி, அந்த சிரப்புல ஒரு எம்எல்லுக்கு ஒரு எம்ஜி மருந்து. மருந்துக்கடைக்காரர் என் முகத்துக்கு நேரா, ஆஸ்பத்திரி நடையில நின்னு சொன்னாரு. ரெண்டு எம்எல்லுன்னா ரெண்டு எம்ஜி. ஒண்ணால பெருக்கினா என்ன, பெருக்காட்டி என்ன? அதனாலதான் விட்டேன். தெரியாம விடலை."

"தெரிஞ்சு விட்டது உங்களுக்குத் தெரியும். ப்ரோகிராமுக்குத் தெரியுமா? எழுதி வச்சிருக்கீங்களா எங்கயாவது?"

எழுத வேண்டும் என்று நினைத்தது அவனுக்கு நினைவிருந்தது. எழுதாதது அதைவிட நன்றாக நினைவிருந்தது.

"ஒரே ஒரு குறி தம்பி" என்றாள் அண்ணி, குரலைத் தணித்துக்கொண்டு. பலகைக்குப் போய்ப் பேனாவால் எழுதினாள்: ஊசி + சிரப் × செறிவு. "எம்எல்லை செறிவால பெருக்கினா எம்ஜி வரும்னு பெருக்கல் குறிக்குச் சொல்லியிருக்கேன். எம்ஜி ஆனதுக்கப்புறம் கூட்டல் வாயே திறக்காது. செறிவு ஒண்ணுதான்னா ஒண்ணுன்னே போட்டுட்டுப் போவோம்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"இதெல்லாம் வேண்டாம். அஞ்சு மணிக்கு அனுப்பணும். இந்த விசாரணைக் கமிஷனை எல்லாம் எடுத்துட்டு, என் பழைய 'கூட்டு', 'கழி'யை உள்ள வைங்க. ஓடற வண்டியை எதுக்குப் பிரிச்சுப் போடணும்? ஆறு வாரம் வீணாப்போச்சேன்னு வருத்தப்படாதீங்க. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அண்ணி பேனாவின் மூடியை மெதுவாக மூடினாள்.

"அண்ணன் இதுல எங்க வந்தார்? உங்க அண்ணன் பொண்டாட்டி மாடிப்படிகிட்டயே நின்னுடறா. மேல வர்றது உங்ககிட்ட சம்பளம் வாங்கறவ. அவளை நீங்க போகச் சொல்லலாம். அண்ணன்கிட்ட சொல்லிக்கறேன்னு சொல்லக் கூடாது."

அவனுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஆள் கெட்டவன் இல்லை. தான் கட்டிய சுவரில் இன்னொருவர் ஆணி அடித்தால் தாங்காது, அவ்வளவுதான்.

"சரி. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. சிஸ்டர் வாயாலயே கேட்டுக்குங்க, செறிவு எவ்வளவுன்னு." வார்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேசை நடுவில் வைத்தான். ஜெயித்துவிட்டவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தான்.

மூன்றாவது முறை மணியடித்ததும் தலைமை நர்ஸ் எடுத்தாள். "சொல்லுங்க சார். சீக்கிரம் சொல்லுங்க, கையில வேலை இருக்கு."

"ஒரு நிமிஷம் சிஸ்டர். எங்க அண்ணி ஒரு கணக்கு எழுதியிருக்காங்க, அதைப் பத்தி…"

"நான் படிக்கிறேன் சிஸ்டர்" என்று அண்ணி குனிந்தாள். "மீதி, சமம், வரம்பு கழித்தல், ஊசி கூட்டல் சிரப்."

"அட! இது நாங்க சார்ட்டுல எழுதறதாச்சே. இதையா இத்தனை நாளா கம்ப்யூட்டர் பாஷை, உங்களுக்குப் புரியாதுன்னு சார் சொல்லிக்கிட்டிருந்தார்? போன தடவை கையெழுத்து கேட்டு ஒரு காகிதம் காட்டினார், ஒரே அடைப்புக்குறி, எறும்பு ஊர்ந்த மாதிரி. போட்டுட்டேன்." ஒரு கணம் நிறுத்தினாள். "ஆனா ஏம்மா, சிரப்பை அப்படியே கூட்டறீங்களே. எம்ஜியா மாத்திட்டுத்தானே கூட்டணும்?"

அண்ணி நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை. அது அவனுக்கு இன்னும் குத்தியது.

"மாத்தினாலும் அதேதானே சிஸ்டர்" என்றான். "ஒரு எம்எல்லுக்கு ஒரு எம்ஜி."

"அது பழைய பாட்டில் சார். அது முடிஞ்சுபோச்சு. நேத்து காலையிலேர்ந்து புது பாட்டில். ஒரு எம்எல்லுல அஞ்சு."

கீழே கடையில் யாரோ கண்ணாடி அலமாரியைத் தள்ளி மூடுகிற சத்தம் கேட்டது. அவன் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

"அஞ்சா?"

"அஞ்சு. லேபிள்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நர்ஸுங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். முன்னாடி ரெண்டு எம்எல் எடுப்போம், இப்ப புள்ளி நாலு. டாக்டர் எழுதற ரெண்டு எம்ஜி மாறலை சார், அதுல எங்க நர்ஸுங்க கெட்டி."

"சிஸ்டர்… திரையில என்ன போடறீங்க?"

"திரை என்ன கேக்குதோ அதைத்தான். எத்தனை எம்எல்லுன்னு கேக்குது. புள்ளி நாலுன்னு போடறோம்."

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றான். புள்ளி நாலு. அவனுடைய 'கூட்டு' புள்ளி நாலை வாங்கிக்கொண்டிருக்கும். இரண்டு எம்ஜி உள்ளே போன பிள்ளைக்கு அரை எம்ஜிகூடப் போகவில்லை என்று எழுதியிருக்கும். நேற்றுக் காலையிலிருந்து. ஒவ்வொரு வேளைக்கும். விழாமல், நிற்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டு.

"கட்டில் வாரியா சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் அண்ணி. அவள் ஏற்கெனவே மேசைக்குப் போயிருந்தாள். பலகையில் எழுதியிருந்த வரி இப்போது ப்ரோகிராமில் ஏறிக்கொண்டிருந்தது: சிரப் × செறிவு. செறிவு ஐந்து. "இன்னைக்குப் புது பாட்டில்லேர்ந்து யார் யாருக்குப் போச்சு, எத்தனை தடவை. அதுக்கு முன்னாடி அந்தத் திரையை அணைங்க. யாரும் அதைப் பார்த்து மருந்து எடுக்க வேண்டாம். காகிதத்துல எழுதுங்க."

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"திரை கணக்கு தப்பு சிஸ்டர். கட்டில் சொல்லுங்க."

தாள் புரள்கிற சத்தம். "ரெண்டாம் கட்டில், சிரப் ரெண்டு தடவை. ஊசி இல்ல."

சந்தேகம் ஓட்டினார். கூட்டல் குறி வாயைத் திறக்கவில்லை. "மொத்தம் நாலு. வரம்பு பன்னெண்டு. பச்சை" என்றவர், தாளில் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார். அவர் 'சரிதான்' என்று சொல்லி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

"அஞ்சாம் கட்டில், நாலு தடவை. ஊசி இல்ல."

"எட்டு. பச்சை."

"ஏழாம் கட்டில். காலையில ஆபரேஷன் முடிஞ்சதும் ஊசி நாலு எம்ஜி. அப்புறம் சிரப்… ஒண்ணு, ரெண்டு…" அவள் எண்ணிக்கொண்டே போனாள். அந்த எண்ணிக்கை நிற்க வேண்டுமே என்று அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ஆறு தடவை சார். கால் எலும்பு. துடிச்சுத் துடிச்சு அழுதான், கேட்கிறப்பல்லாம் பச்சை காட்டுச்சு, குடுத்தோம்."

சந்தேகம் ஓட்டினார். ஓட்டிவிட்டு வாயால் சொல்லாமல் திரையை அவன் பக்கம் திருப்பினார். சிவப்பு. மீதி: மைனஸ் நாலு எம்ஜி.

பக்கத்திலேயே பழையது திறந்திருந்தது. அவன் எழுதினது. அதே பிள்ளை, அதே பதிவு. மீதி: ஐந்து புள்ளி ஆறு. பச்சை.

"சிஸ்டர்" என்றான். "சிஸ்டர், ஏழாம் கட்டில் பிள்ளை இப்ப என்ன பண்றான்?"

"தூங்கறான் சார். மத்தியானத்துலேர்ந்து நல்ல தூக்கம். விட்டுட்டோம், பாவம், காலையிலேர்ந்து…" அந்த வாக்கியம் பாதியில் நின்றது. நர்ஸாக எத்தனையோ வருஷம் இருந்தவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எழுப்புங்க சிஸ்டர். எழுப்பிப் பாருங்க."

போனை எங்கேயோ போட்டுவிட்டு ஓடுகிற சத்தம். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. அதற்கப்புறம் வார்டின் சத்தம் மட்டும்: ஏதோ ஒரு பிள்ளை சிரித்தது, சக்கர மேசை ஒன்று கிறீச்சிட்டது. பிறகு அவள் குரல், தூரத்தில், கூப்பிட்டுக் கூப்பிட்டு. "கண்ணா. கண்ணா, இங்க பாரு. கண்ணைத் திற. சிஸ்டர் வந்திருக்கேன் பாரு." அதன் பிறகு வேறு மாதிரியான குரல்: "டாக்டரைக் கூப்பிடு! ஓடு!"

மூன்று பேரும் அந்தச் சின்னக் கறுப்புச் சாமானைச் சுற்றி நின்றார்கள். ஐந்து மணிக்கு 'கூட்டு', 'கழி'யை வைத்து அனுப்பச் சொன்னவன் அவன். இன்னும் அரைமணி நேரம் அவன் பிடிவாதம் பிடித்திருந்தால் அண்ணி தன் குறிகளை எடுத்துத்தான் போட்டிருப்பாள், வேறென்ன செய்வாள்? எம்ஜியோடு எம்எல்லைக் கூட்ட முடியாது என்று அவ்வளவு தெளிவாக, அவ்வளவு எளிய வார்த்தையில் திரை சொன்னபோது, அவன் குறியைத் திட்டினான்.

"அண்ணி" என்றான்.

"இப்ப வேண்டாம் தம்பி. கேளுங்க."

ஆண் குரல் ஒன்று, அவசரமில்லாமல், ஆனால் வேகமாக ஏதேதோ கேட்டது. மூச்சை எண்ணச் சொன்னது. உள்ளே போனதை முறிக்கிற மாற்று மருந்து எடுக்கச் சொன்னது. ஏதோ ஒரு இரும்புத் தட்டு தரையில் விழுந்து சுழன்று ஓய்ந்தது. சந்தேகம் நின்றபடியே பேனாவால் தன் உள்ளங்கையில் நேரத்தை எழுதிக்கொண்டார். ஏன் எழுதினார் என்று அவரைக் கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது. மூன்று ஐம்பத்திரண்டு. மூன்று ஐம்பத்தாறு.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. இப்போது ஓட்டமில்லை.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன் சிஸ்டர்."

"மாத்து மருந்து போட்டாச்சு. மூச்சு இருக்கு. குறைச்சலா இருக்கு, ஆனா இருக்கு. கிள்ளினா முகத்தைச் சுளிக்கிறான். கண்ணு இன்னும் திறக்கலை. டாக்டர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார்." அவள் மூச்சு வாங்கினாள். "நாலு மணிக்கு அடுத்த வேளை. எடுத்துத் தட்டுல வச்சுட்டுத்தான் சார் உங்க போனை எடுத்தேன். பச்சைதானே காட்டுச்சு."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சந்தேகம் மூடாத ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவன் மட்டும் போனுக்கு மேலே குனிந்தபடி நின்றான். 'நன்றி சிஸ்டர்' என்று சொல்ல வாயெடுத்தான். அந்த வார்த்தை எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது, விழுங்கிக்கொண்டான்.

"தப்பு என்னோடது சிஸ்டர்" என்றான் கடைசியில். "சிரப்பை மாத்தாம கூட்டிட்டேன். ரெண்டு வருஷமா. எண்ணு ஒண்ணா இருந்ததால தப்பு வெளிய தெரியலை."

மறுமுனையில் அவள் தன் குரலைத் தணித்துக்கொண்டு, வாயைப் போனுக்கு ரொம்பக் கிட்டே வைத்துப் பேசினாள்.

"பையனோட அம்மா இங்க என் பக்கத்துலதான் நிக்கிறாங்க சார். தூங்கத்தானே வச்சீங்க, ஏன் எல்லாரும் ஓடறீங்கன்னு கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலை. எதோட எதைக் கூட்டினீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க, போனை அவங்க கையில குடுக்கறேன்."